‘சரிங்க’ வழக்கின் தீர்ப்பு

கோயம்புத்தூர் இந்த உலகத்துக்கு அளித்த கொடைகள் மூன்று. முதலாவது தண்ணீர் இறைக்கும் பம்பு. இரண்டாவது மாவரைக்கும் வெட் கிரைண்டர். மூன்றாவது, காந்திபுரத்தில் ஒரு பேக்கரியின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு நடுவர் கிருபாசங்கர் வழங்கிய ‘சரிங்க’ தீர்ப்பு. முதல் இரண்டும் நல்ல விலைபோயின. மூன்றாவதும் விலைபோனதுதான். அந்த விவரம் பிறகு வரும்.

இந்த வரலாற்றுக் குறிப்பை எழுதுவது யார் என்று சிலர் கேட்கக்கூடும். அட்டை விளையாட்டுக் கழகச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு சொல்கிறது: ‘சர்ச்சைக்குரிய ஆட்டத்தின் குறிப்பை நடுவரே எழுத வேண்டும். தன்னைப் பற்றி வரும் இடங்களில் படர்க்கையில், நடுநிலை தவறாமல் எழுத வேண்டும்.’ அந்தப் பிரிவை இயற்றியவரும் கிருபாசங்கர்தான். ஆகவே இதில் அவரைப் பற்றி வரும் புகழுரைகள் அனைத்தும் நடுநிலையானவை.

கிருபாசங்கருக்கு நாற்பத்தைந்து வயது. வார நாட்களில் அவர் ஒரு பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு உதவி மேலாளர். ஓட்டிப் பார்த்துத் தேறிய பம்பின் நெற்றியில் ‘ஓகே’ என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டுவது அவர் பொறுப்பு. தேறாத சிலவற்றுக்கும், முதலாளி கோவிந்தராஜுலு “போகட்டும் கிருபா” என்று சொன்னதால் ஒட்டியிருக்கிறார். அவை ஒட்டன்சத்திரம் பக்கம் ஏதோ ஒரு கிணற்றில் இன்றைக்கும் கசிந்துகொண்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அவர் வேறு ஆள். கழுத்தில் நீல நாடா, நாடாவில் ‘நடுவர் – முதல் நிலை’ என்ற அட்டை. இரண்டாம் நிலை நடுவர் இந்த மண்டலத்தில் யாரும் கிடையாது. ஆகவே முதல் நிலையே உச்ச நிலை என்று அவர் தன் மனைவியிடம் விளக்கியிருக்கிறார்.

அவர் நடுவராக வீற்றிருக்கும் ஆட்டத்தின் பெயர் ‘ஏழு மதில்’. வெளிநாட்டில் பிறந்த அட்டை விளையாட்டு. “சீட்டாட்டமா?” என்று ஒரு தடவை கேட்டுவிட்ட மைத்துனரோடு அவருக்கு மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

ஆட்டம் இதுதான். ஆளுக்கு ஏழு மதில். எதிராளியின் மதில்களை முழுவதும் இடித்தவர் வெற்றி பெறுவார். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சக்தி உண்டு. அட்டையைப் போட்டவுடனே சக்தி வேலை செய்துவிடாது. அப்படிச் செய்தால் அது அடிதடி. போட்ட அட்டை ‘அடுக்கு’ என்ற இடத்தில் காத்திருக்கும். எதிராளி விரும்பினால் அதற்குப் பதிலாக ஓர் அட்டையை அதன்மேல் வைக்கலாம். அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் வைக்கலாம். இரு தரப்பும் ஓய்ந்த பிறகு, மேலே இருப்பது முதலில் நிறைவேறும். அடியில் இருப்பது கடைசியில் நிறைவேறும். காந்திபுரத்தில் டவுன் பஸ் கிளம்பும்போது கடைசியாகத் தொற்றிக்கொண்டவர்தான் அடுத்த நிறுத்தத்தில் முதலில் இறங்குகிறார். முதலில் ஏறி உள்ளே போனவர் இறங்குவதற்குள் அவருடைய நிறுத்தம் போய்விடுகிறது. அதே நியாயம்தான்.

விதி 41 மட்டும் கொஞ்சம் கண்டிப்பானது. போட்ட அட்டைக்கு எதிராளி ‘ஓகே’ என்று சொல்லிவிட்டால், அவருடைய வாய்ப்பு அத்தோடு முடிந்தது. பிறகு பதில் அட்டை போட முடியாது.

நூற்று எண்பத்தாறு பக்க விதிநூலைப் பதினோரு மாதம் உட்கார்ந்து தமிழாக்கியவர் கிருபாசங்கர். அந்தப் பணியில் அவர் காட்டிய முன்யோசனைக்கு ஓர் உதாரணம் போதும். ஓர் அட்டையை இன்னோர் அட்டை முறியடிப்பதற்கு மூலத்தில் ‘கவுண்டர்’ என்று பெயர். ‘கவுண்டர் வந்தால் நீ போட்டது செல்லாது’ என்று இந்த ஜில்லாவில் அச்சடித்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர முடியுமா? கிருபாசங்கர் நூற்றிருபது இடங்களிலும் ‘எதிர்மறுப்பு’ என்று மாற்றி ஊர் அமைதியைக் காத்தார்.

அதே முன்யோசனையோடுதான் விதி 41-இல் ‘ஓகே’யை ‘சரி’ ஆக்கினார். அதோடு நிற்கவில்லை. நம் வட்டாரத்தில் யாரும் வெறும் ‘சரி’ சொல்லமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே ஓர் அடிக்குறிப்பு சேர்த்தார்: ‘சரி என்பதில் சரிங்க என்பதும் அடங்கும்.’ வட்டார நயம் என்று அந்த அடிக்குறிப்பைப் பல பேரிடம் படித்துக் காட்டினார். அவர்கள் எல்லோரும் “சரிங்க” என்றார்கள்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

மண்டல இறுதிப் போட்டி. ஜெயிப்பவர் கோவை மண்டலத்தின் சார்பில் பெங்களூருக்குப் போவார். ஓர் இடம்தான், போட்டியிட்டவர்கள் நாற்பது பேர். கடைசியில் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

ஒரு பக்கம் செவ்வந்தி. வயது இருபத்தேழு. சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தில் துணியை விளக்கின்மேல் ஓடவிட்டு இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் வேலை. இரண்டு வருடமாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனக்குத்தானே ஆடிப் பழகியவர். பெங்களூர் போவதற்கென்று மூன்று நாள் லீவுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார். “தோத்துப்போனா லீவு வேண்டாமுங்கன்னும் சொல்லிப்போட்டேன்” என்று காலையில் கழகச் செயலாளர் ஆஃப்ரினிடம் சிரித்தபடி சொன்னார். சிரிப்பு இருந்ததே தவிர, கை அட்டைக்கட்டை விடவே இல்லை.

மறுபக்கம் ரோஹன். வயது இருபத்திரண்டு. கோவிந்தராஜுலுவின் மகன். ஆம், அதே கோவிந்தராஜுலு. தான் வேலை பார்க்கும் கம்பெனியின் முதலாளி மகன் ஆடும் ஆட்டத்துக்குத் தானே நடுவராக இருக்கலாமா என்று கிருபாசங்கர் முந்தைய நாளே தீவிரமாக யோசித்தார். கழகச் சட்டத்தில் தேடிப் பார்த்தார். அப்படி ஒரு தடை இல்லை. சட்டத்தை எழுதியவருக்கு அது தோன்றாமல் போனதற்கு இவர் என்ன செய்வார்?

முதலாளியும் வந்திருந்தார். மாடியில் இருந்த ஒரே குஷன் நாற்காலி அவருக்குப் போடப்பட்டது. முட்டை பப்ஸ் வேண்டுமா, காய்கறி பப்ஸ் வேண்டுமா என்று நடுவரே விசாரித்து, கீழே பேக்கரிக்கு இறங்கிப் போய் வாங்கி வந்தார். அது விருந்தோம்பல், நடுநிலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆட்டத்தின் நடுவில் செவ்வந்தி ‘வெள்ளப்பெருக்கு’ என்ற அட்டையைப் போட்டார். நாலு மதிலை ஒரேயடியாக அடித்துக்கொண்டு போகும் அட்டை. ரோஹனிடம் அப்போது இருந்ததே நாலு மதில்தான்.

“ம்” என்றான் ரோஹன். போனை ஒரு தடவை பார்த்தான். தலையைச் சொறிந்தான். பிறகு ‘மேட்டுநிலம்’ என்ற அட்டையை அதன்மேல் வைத்தான். பாதி வெள்ளம் வடிந்தது. இரண்டு மதில் தப்பியது.

செவ்வந்தி கையைத் தூக்கினார். “ஏனுங்க சார், அவரு ‘ம்’முன்னு சொல்லிப்போட்டாருங்களே. அதுக்கப்பறம் அட்டை போடலாமுங்களா?”

கிருபாசங்கர் கண்ணாடியைத் துடைத்தார். தீர்ப்பு வழங்கும் முன் அவர் எப்போதும் துடைப்பார். “அம்மணி, ‘ம்’ங்கறது மெய்யெழுத்து. மெய்யெழுத்து தனியா நின்னு சொல்லாகாது, அது இலக்கணம். சொல்லே இல்லாதது சம்மதச் சொல்லா எப்படியாகும்?”

“அப்ப அது என்னதுங்க?”

“மூச்சு.”

மாடி முழுவதும் வியப்பில் ஆழ்ந்தது. நடுவருக்கே தன் தமிழறிவைக் கண்டு உடம்பு சிலிர்த்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் பதவி உயர்வு பற்றிக் கேட்டபோது கோவிந்தராஜுலு “ம்” என்றதும், அது இன்றுவரை நிறைவேறாததும் அவருக்கு அந்த நிமிடம் விளங்கிவிட்டது. முதலாளி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை, மூச்சு விட்டிருக்கிறார்.

“சரிங்க” என்றார் செவ்வந்தி. ஆட்டம் தொடர்ந்தது.

கால் மணி நேரம் கழித்து ரோஹன் ‘இடிமுழக்கம்’ அட்டையைப் போட்டான். மூன்று மதிலை இடிக்கும். செவ்வந்தியிடம் மூன்றே மதில். “இடிமுழக்கம். உங்க மூணு மதிலும் காலி.”

“சரிங்க” என்றபடியே செவ்வந்தி தன் கையிலிருந்து ‘எதிர்க்காற்று’ என்ற அட்டையை எடுத்து இடிமுழக்கத்தின்மேல் வைத்தார்.

எதிர்க்காற்று என்பது வந்த சக்தியை வந்த வழியே அனுப்பிவிடும் அட்டை. அடுக்கில் மேலே இருப்பதால் அதுதான் முதலில் நிறைவேறும். இடி ரோஹனின் தலைமேலேயே விழும். அவனிடம் இருந்தது இரண்டு மதில். அதாவது ஆட்டம் முடிந்தது. செவ்வந்தி பெங்களூருக்குப் போகிறார். பின்வரிசையில் யாரோ கை தட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

“அங்கிள்” என்றான் ரோஹன். “அவங்க சரின்னுட்டாங்களே. அப்பறம் போடக் கூடாதில்ல? விதி நாப்பத்தொன்னு.”

கை தட்டியவர் நிறுத்தினார். கிருபாசங்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

இங்கே ஓர் உண்மையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. செவ்வந்தியின் வாய் ‘சரிங்க’ என்றபோது அவருடைய விரல் ஏற்கெனவே அந்த அட்டையைப் பிடித்திருந்தது. நடுவர் அதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். ஆனால் ஓர் உயர்ந்த நடுவர் கண்ணுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர், விதிக்கே கட்டுப்பட்டவர். கண்ணாடியைக் கழற்றிவிட்டதும் அதற்காகத்தான்.

“என்னாச்சு கிருபா?” என்று குஷன் நாற்காலியிலிருந்து குரல் வந்தது.

“ஒன்னுமில்லீங்க சார். இதோ முடிஞ்சுதுங்க.”

நாலே முக்கால் ஆயிற்று. நடுவர் எழுந்து நின்று வாசித்தார்: “விதி நாற்பத்தொன்று, அடிக்குறிப்பு. ‘சரி’ என்பதில் ‘சரிங்க’ என்பதும் அடங்கும். ஆட்டக்காரர் செவ்வந்தி சம்மதச் சொல்லை உச்சரித்துவிட்டார். எதிர்க்காற்று செல்லாது. இடிமுழக்கம் நிறைவேறியது. ரோஹன் வெற்றி.”

செவ்வந்தி எழுந்திருக்கவில்லை. “மேல்முறையீடு செய்யறேனுங்க” என்றார்.

மேல்முறையீட்டுக்கும் சட்டத்தில் அருமையான ஏற்பாடு உண்டு. அதையும் முதல் தீர்ப்பு வழங்கிய நடுவரே விசாரிப்பார். ஆனால் பாரபட்சம் வந்துவிடக் கூடாது என்பதற்காக வேறு நாற்காலியில் உட்கார்ந்து விசாரிப்பார். அன்று மாடியில் காலியாக இருந்த ஒரே நாற்காலி கோவிந்தராஜுலுவின் பக்கத்து நாற்காலி. கிருபாசங்கர் அதில் நுனியில் உட்கார்ந்தார்.

செவ்வந்தி பேசினார். குரலை உயர்த்தவில்லை. “எங்கய்யன் பேரு ஐயாசாமிங்க. நாப்பது வருசம் தோட்டத்து வேலைங்க. தோட்டத்துக்காரப் பண்ணாடி வரப்புமேல நின்னு சொல்லச் சொல்ல, எங்கய்யன் ‘சரிங்க, சரிங்க’ம்பாருங்க. அதுல ஒன்னுக்குக்கூட அவரு சம்மதிச்சதில்லீங்க சார். ‘சரிங்க’ன்னா, ‘நீங்க சொன்னது காதுல உழுந்துது’ன்னு அர்த்தமுங்க. அவ்வளவுதானுங்க. என்னையும் அப்படித்தான் வளத்தாங்க. யாரு பேசினாலும் மொதல்ல ‘சரிங்க’ சொல்லோணும், அப்பறந்தான் நம்ம வாயத் தொறக்கோணும். நான் மொதலாவதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள நீங்க ஆட்டத்த முடிச்சுப்போட்டீங்க.”

இந்த முக்கியமான வாதத்தை நடுவர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார், ஒரு காதால். மற்றொரு காதில் கோவிந்தராஜுலு பேசிக்கொண்டிருந்தார்.

“கிருபா, நாளைக்கு டெஸ்டிங் ரெண்டாவது ஷிப்டும் ஓட்டணும்.”

“சரிங்க சார்.”

“உன் லீவ அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

“சரிங்க சார்.”

“பையனுக்குப் பெங்களூருக்கு டிக்கெட் போட்டாச்சு. போன வாரமே.”

“சரிங்க சார்.”

செவ்வந்தி பேச்சை நிறுத்திவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுந்த இழையைக் கண்டுபிடிப்பது அவருக்குத் தொழில். “ஏனுங்க சார், இப்ப அவருகிட்ட மூணு தடவ ‘சரிங்க’ன்னீங்களே. அது மூணும் சம்மதமுங்களா?”

‘ஆம்’ என்றால், மேல்முறையீடு முடிவதற்குள்ளேயே நடுவர் ரோஹனைப் பெங்களூருக்கு அனுப்பச் சம்மதித்தவர் ஆகிறார். ‘இல்லை’ என்றால் ‘சரிங்க’ சம்மதம் இல்லை என்றாகிறது. சாதாரண ஆளாக இருந்தால் அங்கேயே மாட்டிக்கொண்டிருப்பார்.

“அது ஆபீஸ் சரிங்க, அம்மணி” என்றார் கிருபாசங்கர். “விதி நாப்பத்தொன்னு ஆட்ட மேசைக்கு மட்டுந்தான் பொருந்தும். மேல்முறையீடு தள்ளுபடி.”

ரோஹனின் காது சிவந்துவிட்டது. “அங்கிள், நான் வேணா அந்த இடத்துல இருந்து மறுபடி ஆடறேனே? அவங்க அந்த அட்டையப் போட்டுக்கட்டும். எனக்கு ஒன்னும் இல்ல.”

“உங்க பெருந்தன்மைக்கு விதி இடங்குடுக்காதுங்க தம்பி” என்று நடுவர் அவனை அன்போடு அடக்கினார். முதலாளி மகனே விட்டுக்கொடுத்தாலும் தான் விட்டுக்கொடுக்காத அந்த உறுதியை நினைத்து அவர் நீல நாடாவை நேராக்கிக்கொண்டார்.

கடைசியாக ஒரு சடங்குதான் பாக்கி. ‘தீர்ப்பு ஏற்புப் படிவம்.’ தோற்றவர் சம்மதச் சொல் சொன்னால்தான் வழக்கு மூடப்படும். வழக்கு மூடினால்தான் பெங்களூருக்குப் பெயர் அனுப்பலாம். ஆஃப்ரின் படிவத்தை நீட்டினார். நடுவர் கேட்டார்: “ஆட்டக்காரர் செவ்வந்தி, தீர்ப்ப ஏத்துக்கறீங்களா?”

செவ்வந்தி அட்டைகளை அடுக்கி ரப்பர் பேண்டு போட்டார். பைக்குள் வைத்தார். நிமிர்ந்து நடுவரைப் பார்த்தார்.

“ம்.”

அவ்வளவுதான். ‘ங்க’ இல்லை. படி இறங்கிப் போய்விட்டார்.

ஆஃப்ரின் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் கணக்கு வாத்தியார் வீட்டுப் பெண். எதையும் வரிசையாகப் பார்ப்பார். “அண்ணா, இதை என்னன்னு எழுதறதுங்க? ‘ம்’ சொல்லே இல்லைன்னா அவங்க ஏத்துக்கல. ரோஹன் போக முடியாது. ‘ம்’ சம்மதம்தான்னா, அப்ப ரோஹன் சொன்ன ‘ம்’மும் சம்மதம். அவரு மேட்டுநிலம் போட்டது செல்லாது. வெள்ளத்துலயே நாலு மதிலும் போயிருக்கும். செவ்வந்தி அப்பவே ஜெயிச்சாச்சு. எப்படிப் பாத்தாலும்...”

“இரு, இரு” என்றார் நடுவர்.

கோவிந்தராஜுலு வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவருக்கு இந்த ஆட்டமே புரியவில்லை. கார் கீழே நின்றது. “என்ன கிருபா, பையன் பேர அனுப்பிடலாமா, இல்ல அந்தப் பொண்ணு பேரா?” என்று கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். அதட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. பையன் போகாவிட்டாலும் அவருக்கு ஒரு டிக்கெட்தான் வீண்.

“அண்ணா, அனுப்பறதுக்கு முன்னாடி முறைப்படி கேக்கோணுமில்லீங்க” என்றார் ஆஃப்ரின். “இந்த முடிவு மேல வெக்க உங்ககிட்ட பதில் அட்டை உண்டுங்களா?”

கிருபாசங்கரின் கையில் அன்று நல்ல அட்டைகள் இருந்தன. செவ்வந்தியின் விரலைப் பார்த்த இரண்டு கண் இருந்தது. மறுபடி ஆடுகிறேன் என்று சொன்ன ரோஹன் பக்கத்திலேயே நின்றான். ஆஃப்ரினின் கணக்கு இருந்தது. எதையாவது ஒன்றை மேலே வைத்திருந்தால் போதும், அடியில் இருந்ததெல்லாம் மாறியிருக்கும். அவர் வாயை மூடினார். இரண்டு உதடும் ஒட்டின. சம்மதம் தராத அந்த ‘ம்’ சொல்வதற்கு அதற்குமேல் உழைப்பு தேவையில்லை. முதலாளி பதிலுக்காக அவர் முகத்தைப் பார்த்தார்.

“சரிங்க சார். தம்பி பேரையே அனுப்பிடறோமுங்க.”

படிவத்தில் செவ்வந்தியின் பெயருக்கு எதிரே ‘வாய்மொழியாக ஏற்றார்’ என்று நடுவர் தன் கையாலேயே எழுதினார். அடுக்கில் இருந்தது எல்லாம் மேலிருந்து கீழாக, முறைப்படி நிறைவேறியது.

ரோஹன் பெங்களூரில் முதல் சுற்றிலேயே தோற்றான். யாரோ ஓர் அட்டையைப் போட்டபோது “ம்” என்றானாம். அங்கிருந்த நடுவருக்குத் தமிழ் இலக்கணம் தெரியாது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். செவ்வந்தி அதற்கப்புறம் மாடிக்கு வரவில்லை. சொல்லி வைத்த லீவை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று நாளும் சோமனூரில் துணி பார்த்ததாக ஆஃப்ரின் சொன்னார். கம்பெனியில் நேற்று இன்னொரு பம்புக்கு “போகட்டும் கிருபா” என்று உத்தரவாயிற்று. பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது.

ஒன்பதாவது பிரிவின்படி இந்தக் குறிப்பைப் படர்க்கையிலேயே முடிக்க வேண்டும். அந்தப் பிரிவை நானேதான் எழுதினேன், நானே மீறிக்கொள்கிறேன். ‘ம்’ என்பது ஒரு சொல்லே இல்லை என்று தீர்ப்பெழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். இருபது வருடமாக முதலாளியிடம் அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.